45 நாள்னு சட்டம் சொன்னது 2006ல, பணம் வந்தது 2024ல

2024 பிப்ரவரில ஒரு வியாழக்கிழமை காலைல போன் வந்துச்சு. பதினோரு வருஷமா நாங்க ஷாஃப்ட்டும் புஷ்ஷும் போட்டுக் குடுத்துட்டு இருக்கற ஒரு கம்பெனியோட அக்கவுண்ட்ஸ்ல இருந்து. "மேடம், உங்க உத்யம் சர்டிபிகேட் ஒரு காப்பி இன்னிக்கே மெயில் பண்ணிடுங்க, அப்புறம் 45 நாள் தாண்டி நிக்கற பில் எதெதுன்னு ஒரு லிஸ்ட் அனுப்புங்க, மார்ச் 31க்குள்ள முடிச்சுடணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு"னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. உத்யம்ங்கறது சின்ன யூனிட்டுங்க மத்திய அரசு போர்ட்டல்ல பண்ணிக்கற பதிவு. போனை வச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். பதினோரு வருஷத்துல பேமென்ட் விஷயமா அவங்க எங்களைக் கூப்பிட்டது அதான் முதல் தடவை. அதுவரைக்கும் கூப்பிட்டதெல்லாம் நான்தான், வாரத்துக்கு ரெண்டு தடவை, சார் லீவுல இருக்காருங்க, செக்ல சைன் ஆகலைங்க, சரக்கு வந்த ரசீது ஜிஆர்என் இன்னும் சிஸ்டத்துல ஏறலைங்க, அடுத்த புதன்கிழமை பாக்கலாங்க, இப்படித்தான் பதில் வரும்.

எங்களுது கோயம்புத்தூர்ல கணபதி பக்கம் ஒரு சின்ன யூனிட். அப்பா ரெண்டு லேத்தோட ஆரம்பிச்சது, இப்ப கம்ப்யூட்டர்ல ஓடற மெஷின்ல சிஎன்சி நாலு, விஎம்சி ஒண்ணு, ஆளுங்க ஒம்போது பேரு. நான் பி.காம் முடிச்சுட்டு பில்லு, ஜிஎஸ்டி, பேங்க்கு, பேமென்ட் ஃபாலோ-அப் எல்லாம் பாத்துக்கறேன். சட்டம் படிச்சவ கிடையாது. ஆனா பணம் வராம நின்ன வருஷங்கள்ல இந்த ஒரு சட்டத்தை மட்டும் வரி வரியா படிச்சிருக்கேன், ஆடிட்டர்கிட்டயும் கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்துப் போயிருக்கும். அதான் தெரிஞ்சதை எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல பணம் லேட்டாகறதுன்னா என்னன்னு வெளியில இருக்கறவங்களுக்குச் சொல்லணும். 4 லட்சம் ரூபாய்க்கு ஒரு லாட் போடறோம்னு வச்சுக்குங்க, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா பில்லு 4,72,000. ராடு வாங்கறதுக்கு சப்ளையருக்கு கையில காசு வச்சாத்தான் மெட்டீரியல் ஏறும், கரெண்ட் பில்லுக்கு தேதி தாண்டுனா கட், ஆளுங்களுக்கு சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் குடுத்தே ஆகணும், அதுல ஒரு வாரம் தள்ளுனா திங்கக்கிழமை மெஷின்ல ஆள் இருக்காது. இது போக ஜிஎஸ்டி. பார்ட்டி பணம் குடுத்தாரா இல்லையான்னு அது கேக்காது, பில்லு போட்டாச்சுன்னா ராடு வாங்குனப்ப கட்டுனதைக் கழிச்சுட்டு மீதிய அடுத்த மாசமே கட்டிடணும். நாங்க கட்டுன அந்த ஜிஎஸ்டிய அந்தக் கம்பெனி அவங்க கணக்குல கிரெடிட்டா எடுத்து, அவங்க கட்ட வேண்டிய வரில கழிச்சுக்குவாங்க, எங்களுக்கு பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே எடுத்துக்கலாம், 180 நாளுக்குள்ள குடுத்தாப் போதும்னு ஜிஎஸ்டி சட்டமே சொல்லுது. அதாவது நாங்க பேங்க் ஓவர்டிராஃப்ட்ல (ஓடி) வட்டி கட்டி எடுத்த காசு, எங்களை விட நூறு மடங்கு பெரிய கம்பெனிக்கு ஆறு மாசம் வட்டியில்லாம ஓடுது. கோயம்புத்தூர்ல பம்பு, மோட்டார், ஃபவுண்டரின்னு ஆயிரக்கணக்கான யூனிட்டு இப்படித்தான் ஓடிச்சு. மார்க்கெட்ல விலை மட்டுந்தான் பேரம்னு நினைப்போம், நிஜத்துல பணம் என்னிக்கு வரும்ங்கறதும் விலைதான், அது பில்லுல எழுதாத விலை.

இதுக்கு சட்டம் இல்லாம இல்லைங்க. அதான் எனக்கு முதல்ல புரியவே இல்லை. 1993லயே சின்ன தொழில்களுக்கு லேட்டா பணம் குடுத்தா வட்டி குடுக்கணும்னு ஒரு தனிச் சட்டம் வந்துச்சு. அதை எடுத்துட்டு 2006ல எம்எஸ்எம்இ, அதாவது குறு, சிறு, நடுத்தர தொழில் மேம்பாட்டுச் சட்டம் வந்துச்சு. அதோட 15வது பிரிவு சொல்றது ரொம்பத் தெளிவு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அந்தத் தேதிக்குள்ள பணம் குடுக்கணும், ஆனா ஒப்பந்தமே போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, எழுத்துல ஒண்ணுமே இல்லைன்னா 15 நாள். சரக்கு இறங்கி 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா, இறங்குன அன்னிக்கே ஏத்துக்கிட்டதா கணக்கு. தாண்டுனா 16வது பிரிவுப்படி ரிசர்வ் பேங்க்கோட பேங்க் ரேட்ல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. 2023-24ல பேங்க் ரேட் 6.75, அப்ப வட்டி 20.25 சதவீதம். எங்க 4,72,000 ஒரு வருஷம் நின்னா வட்டி மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த வட்டிய, சரக்கு வாங்குன கம்பெனி செலவுக் கணக்குல காட்டி வருமான வரில கழிக்கவும் முடியாது, 23வது பிரிவு அதையும் அடைச்சிருச்சு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டாலும் இந்தச் சட்டந்தான் நிக்கும். படிச்சுப் பாத்தா இதை விட பலமா ஒரு சட்டம் எழுத முடியாதுன்னு தோணும்.

முதல் தடவை இதைப் படிச்ச அன்னிக்கு நான் குதிச்சேன். 2018ன்னு நினைக்கிறேன், சமாதான் போர்ட்டல் வந்து அதிக நாள் ஆகலை, 2017 அக்டோபர்ல தான் ஆரம்பிச்சாங்க, வீட்ல இருந்தே கம்ப்ளெய்ன்ட் போடலாம். இந்தப் பாக்கி கம்ப்ளெய்ன்டை விசாரிக்கற கவுன்சில் கோயம்புத்தூர்லயே இருக்கு, முதல்ல சமரசம் பேசுவாங்க, ஒத்து வரலைன்னா தீர்ப்பு, 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துலயே இருக்கு, எதிர்த்து கோர்ட்டுக்குப் போகணும்னா அந்தக் கம்பெனி 75 சதவீதம் பணத்தை முன்னாடியே கட்டணும். அப்பாகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அப்பா மைக்ரோமீட்டரைத் துடைச்சுட்டே கேட்டாரு. கேட்டுட்டு, "கேஸ் போட்டா பணம் வரும் அம்மணி, அதுக்கப்புறம் ட்ராயிங் யாரு குடுப்பா?"ன்னு மட்டும் சொன்னாரு.

ட்ராயிங்னா அடுத்த ஆர்டர். அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. எங்க வேலையில முக்கால்வாசி மூணு பார்ட்டிகிட்ட இருந்து வருது. அதுல ஒருத்தரு மேல கம்ப்ளெய்ன்ட் போட்டா அடுத்த மாசம் ஆர்டர் பக்கத்துத் தெரு யூனிட்டுக்குப் போயிரும், பர்ச்சேஸ் மேனேஜர்ங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்குவாங்க, மத்த ரெண்டு பேருக்கும் விஷயம் போயிரும். கவுன்சிலுக்குப் போனவங்களை எனக்குத் தெரியும், பெரும்பாலும் அந்தப் பார்ட்டியோட உறவு ஏற்கெனவே அறுந்து போனவங்க, இல்லைன்னா யூனிட்டையே மூடிட்டு பாக்கிய மட்டுமாவது மீட்கலாம்னு போனவங்க. ஓடிக்கிட்டு இருக்கற வியாபாரத்துல இருந்துக்கிட்டு போனவங்க ரொம்பக் கம்மி. அதாவது சட்டம் மருந்தா வரலை, செத்ததுக்கு அப்புறம் பாக்கி வசூல் பண்ணத்தான் வந்துச்சு. எழுதுனவங்க தண்டனைய பெருசா வச்சாங்க, ஆனா அந்தத் தண்டனைய இழுத்து விடற கயித்தை யாரு கையில குடுத்தாங்கன்னு பாருங்க, இழுத்தா யாருக்கு முதல்ல அடிபடுமோ அவங்க கையிலயே குடுத்துட்டாங்க. பதினேழு வருஷம் அந்தக் கயிறு அப்படியே தொங்கிட்டு இருந்துச்சு.

2023 பட்ஜெட்ல வந்தது ரொம்பச் சின்ன மாத்தம். அப்ப இருந்த வருமான வரிச் சட்டத்துல 43பி-ன்னு ஒரு பிரிவு, அதுல (எச்)னு ஒரு உட்பிரிவைச் சேத்தாங்க. மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு குடுக்க வேண்டிய பணத்தை 2006 சட்டம் சொல்ற நாளுக்குள்ள குடுக்கலைன்னா, அந்த வருஷம் அதைச் செலவா காட்ட முடியாது, என்னிக்கு நிஜமா குடுக்கறாங்களோ அந்த வருஷந்தான் காட்டலாம். அவ்வளவுதான். 2023-24 கணக்குல இருந்தே அமல்.

இந்த 43பி-க்கு ஒரு பழைய கதை இருக்கு. 1983ல கொண்டு வந்த பிரிவு இது. அதுக்கு முன்னாடி கம்பெனிங்க விற்பனை வரியை ஜனங்ககிட்ட வசூல் பண்ணிக்குவாங்க, அரசாங்கத்துக்குக் கட்டாம கோர்ட்ல கேஸ் போட்டு இழுப்பாங்க, ஆனா கணக்குல மட்டும் கட்ட வேண்டிய செலவுன்னு காட்டி வருமான வரியையும் குறைச்சுக்குவாங்க. நிஜமா கட்டுனாத்தான் செலவுன்னு சொல்றதுக்காக வந்ததுதான் 43பி. தொழிலாளிங்க பிஎஃப் ஆரம்பத்துலயே அதுல இருந்துச்சு, அப்புறம் போனஸ், பேங்க் வட்டின்னு ஒவ்வொண்ணா அதுக்குள்ள வந்துச்சு. ஆக 2023ல என்ன நடந்துச்சுன்னா, அரசாங்கத்தோட வரிக்கும் தொழிலாளியோட பிஎஃபுக்கும் பக்கத்துல எங்க பில்லையும் கொண்டு வந்து உக்கார வச்சாங்க. கொஞ்ச நாள் நீயே வச்சுக்கோன்னு விட முடியாத பணம்னு முதல் தடவையா வருமான வரிச் சட்டம் ஒத்துக்கிச்சு. படிச்சப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுங்க, நிஜமா.

கணக்குப் போட்டுப் பாத்தா தண்டனை பெருசு கூட இல்லை. ஒரு கம்பெனி மார்ச் 31ல சின்ன யூனிட்டுகளுக்கு தேதி தாண்டி 10 லட்சம் வச்சிருந்தா, லாபம் 10 லட்சம் கூடுதலா காட்டணும், 25 சதவீத வரின்னா ரெண்டரை லட்சம் இந்த வருஷம் கூடக் கட்டணும், அடுத்த வருஷம் பாக்கிய குடுத்ததும் அந்தச் செலவைக் கழிச்சுக்கலாம். பணம் போயிடறதில்லை, ஒரு வருஷம் முன்னாடி போகுது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் மூணு மடங்கு கூட்டு வட்டி பதினேழு வருஷமா எழுதி வச்சிருக்கு, அதுக்கு ஒருத்தரும் அசையலை. இதுக்கு அசைஞ்சாங்க. ஏன்னா இதுல நான் கம்ப்ளெய்ன்ட் போட வேண்டியதில்லை. அவங்க ஆடிட்டரே கேப்பாரு, டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்ல அவரு எழுதிக் கையெழுத்துப் போடணும், தப்பா எழுதுனா அவரு தலை உருளும். கேக்கறவரு அந்தக் கம்பெனி ஃபீஸ் குடுத்து வச்சிருக்கற ஆளு, கோவிச்சுக்கிட்டு ஆர்டரை நிறுத்தறதுக்கு ஆள் இல்லை. எங்க பேரு எங்கயும் வராது. அந்தப் போன் பண்ணுன பொண்ணுக்கும் என் மேல கோவம் இல்லை, அது வேலை அது.

அந்த மார்ச்ல எங்களுக்கு 11 லட்சத்துச் சொச்சம் வந்து சேந்துச்சு, அதுல ஒரு பில்லு ஏழு மாசத்துது. மார்ச் 28 சாயங்காலம் ஆர்டிஜிஎஸ் மெசேஜ் வந்தப்ப அப்பாகிட்ட போனைக் காட்டுனேன், அவரு கண்ணாடியைப் போட்டு ரெண்டு தடவை பாத்தாரு. ஓடி லிமிட் பாதிக்குக் கீழ இறங்குனது, எனக்கு நினைவு தெரிஞ்சு அதான் முதல் தடவை.

ஆனா முழுக்க நல்லதுன்னு எழுதிட்டுப் போனா அது பொய். மார்க்கெட்டும் சும்மா இருக்காதுல்ல, சட்டம் ஒரு கதவை அடைச்சா தண்ணி மாதிரி இன்னொரு பக்கம் போகும். அதே பிப்ரவரில எங்களுக்கு இன்னொரு பார்ட்டிகிட்ட இருந்து ஒரு லெட்டர் மாதிரி வந்துச்சு, நாங்க எம்எஸ்எம்இ இல்லைன்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமாம். தெரிஞ்ச ஒரு யூனிட்ல உத்யம் ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணிடுங்கன்னு வாயால சொல்லியிருக்காங்க. இந்தப் பிரிவு மைக்ரோவுக்கும் ஸ்மாலுக்கும் மட்டுந்தான், மீடியம் யூனிட்டுக்குக் கிடையாது, அதனால சில வேலைங்க மீடியம் கம்பெனிங்க பக்கம் நகந்துச்சு. வாங்கி விக்கற வியாபாரிங்களுக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது, உத்யம் நம்பர் இருந்தாலும் அது பேங்க் கடனுக்கு மட்டுந்தான், அவங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது. இன்னொரு வழியும் கண்டுபிடிச்சாங்க, சரக்கை டெலிவரி சலான்ல இறக்கிக்கறது, பில்லை நாங்க சொல்றப்ப போடுங்கங்கறது. சட்டப்படி நாள் எண்ண ஆரம்பிக்கறது சரக்கு ஏத்துக்கிட்ட அன்னிக்குத்தான், பில் தேதியில இல்லை, ஆனா கம்ப்யூட்டர்ல ஏறறது பில் தேதிதானே. அப்புறம் முன்னாடி வாய்ப்பேச்சுல 20 நாள்ல குடுத்துட்டு இருந்த ஒரு நல்ல மனுசன் கம்பெனியே புது பர்ச்சேஸ் ஆர்டர்ல (பிஓ) "45 டேஸ்"னு பிரின்ட் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, எழுத்துல இல்லைன்னா 15 நாள்ங்கற விதிக்குப் பயந்து. உச்சவரம்புன்னு வச்சது வழக்கமா மாறிடுச்சு. இதை யாரும் யோசிச்சாங்களான்னு தெரியலை, யோசிச்சிருக்கணும்.

இதை விடப் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் அதிகமா பேசறதில்லை. இந்தப் பிரிவு கடிக்கணும்னா வாங்குறவங்க வருமான வரி கட்டறவங்களா இருக்கணும், லாபத்துல இருக்கணும். அரசாங்க டிபார்ட்மென்ட் வருமான வரியே கட்டறதில்லை. நஷ்டத்துல ஓடற ஒரு அரசு நிறுவனத்துக்கு செலவைக் கழிக்க விட மாட்டேன்னு சொன்னா, அவங்களுக்கு அதுல என்ன பயம்? அரசு வேலை எடுத்து மாட்டிக்கிட்ட யூனிட்டுங்க இன்னமும் அந்தப் பழைய கயித்தைத்தான் பிடிச்சுட்டு நிக்கறாங்க. தனியார் பணம் சரியா குடுக்கணும்னு வரிச் சட்டத்தை மாத்தற அரசாங்கம், தன்னோட பாக்கிக்கு என்ன விதி வச்சிருக்கு? என்னைக் கேட்டா அங்கதான் முதல்ல கை வச்சிருக்கணும், பட்ஜெட்ல பணம் ஒதுக்கி வச்ச வேலைக்கே பில்லு பாஸாக மாசக்கணக்குல ஆகுதுன்னா அது வசதிக்கு இழுக்கறது தவிர வேற இல்லை.

டிரெட்ஸ் பத்தியும் ஒரு வார்த்தை. ரிசர்வ் பேங்க் 2014 டிசம்பர்ல விதிமுறை போட்டு, 2017ல இருந்து ஓடற ஆன்லைன் மேடை அது, நம்ம பில்லை அதுல ஏத்துனா பேங்க்குங்க ஏலம் மாதிரி வட்டி சொல்லும், கம்மி வட்டிக்குச் சொன்ன பேங்க் நமக்கு ஒண்ணு ரெண்டு நாள்ல பணம் குடுத்துடும், அப்புறம் பேங்க் அந்தக் கம்பெனிகிட்ட வாங்கிக்கும், கம்பெனி குடுக்கலைன்னாலும் நம்மகிட்ட திருப்பிக் கேக்க மாட்டாங்க. அருமையான ஏற்பாடு. 500 கோடிக்கு மேல டேர்ன்ஓவர் இருக்கற கம்பெனிங்க கண்டிப்பா சேரணும்னு இருந்ததை 2024 நவம்பர்ல 250 கோடின்னு இறக்குனாங்க, 2025 மார்ச் 31க்குள்ள சேரணும்னு. ஆனா சேந்தாப் போதும்னுதான் விதி, நம்ம பில்லை ஏத்துக்கிட்டு ஓகே குடுக்கணும்னு கட்டாயம் இல்லை. அவங்க ஓகே குடுக்காத பில்லுக்கு எந்த பேங்க்கும் பணம் போடாது. திரும்பவும் அதே விஷயந்தான், பட்டன் அவங்க கையில.

வெளிநாட்ல பிரான்ஸ் இதை வேற மாதிரி பண்ணியிருக்காங்க, படிச்சப்ப ஆச்சரியமா இருந்துச்சு. 2008ல ஒரு சட்டம் போட்டு பில் தேதில இருந்து 60 நாள்னு வரம்பு வச்சாங்க, ஒப்பந்தம் போட்டு நீட்ட முடியாது. அதுக்கப்புறம் நுகர்வோர், போட்டி விவகாரங்களைப் பாக்கற அரசுத் துறை அதிகாரிங்களே கம்பெனிக்குள்ள போய் கணக்கைப் பாக்கறாங்க, லேட்டா குடுத்திருந்தா அபராதம், இப்ப அது 20 லட்சம் யூரோ வரைக்கும் போகலாம், கூடவே அபராதம் வாங்குன கம்பெனி பேரையும் வெளியிடறாங்க. சப்ளையர் யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இங்க அதுக்கு பாதி ஏற்பாடு ஏற்கெனவே இருக்கு, 45 நாளுக்கு மேல சின்ன யூனிட்டுக்கு பாக்கி வச்சிருக்கற கம்பெனிங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கம்பெனி பதிவாளருக்கு ஃபார்ம் குடுக்கணும், எவ்வளவு பாக்கி, ஏன் லேட்டுன்னு, 2019ல இருந்தே இருக்கு. அந்த ஃபார்ம் எல்லாம் எங்கயோ சேந்துட்டு இருக்கு. ஜிஎஸ்டி போர்ட்டல்ல எங்க ஒவ்வொரு பில்லும் தேதியோட இருக்கு. உத்யம்ல எங்க நம்பர் இருக்கு. இந்த மூணையும் சேத்துப் பாத்தா எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு நாளா இழுக்குதுன்னு ஒரு ஆபீஸ்ல உக்காந்தே சொல்லிடலாம். 16வது பிரிவு வட்டிய யாரும் கேக்காமலே போட வைக்கலாம். சட்டம் புதுசா வேண்டாங்க, இருக்கற சட்டத்துக்கு கேக்கற ஆளை மட்டும் மாத்துனாப் போதும்.

யூனிட் வச்சிருக்கறவங்களுக்கு ரெண்டு விஷயம் சொல்லணும், இதுல நாங்களே அடிபட்டிருக்கோம். சரக்கு அனுப்பறதுக்கு முன்னாடியே உத்யம் எடுத்திருக்கணும், பிரச்சனை வந்ததுக்கு அப்புறம் எடுத்து பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்துல கேட்டா கிடைக்காதுன்னு சுப்ரீம் கோர்ட் 2021ல சொல்லிச்சு, 2025ல அந்தக் கேள்விய பெரிய பெஞ்சுக்கு அனுப்புனாங்க, அதனால முன்னாடியே எடுக்கறதுதான் பாதுகாப்பு. ரெஜிஸ்ட்ரேஷன் இலவசம், புரோக்கருக்கு காசு குடுக்காதீங்க. அந்த நம்பரை பில்லுலயே பிரின்ட் பண்ணிடுங்க, டெலிவரி சலான்லயும் போடுங்க, சலான்ல செக்யூரிட்டி சீல் மட்டும் இல்லாம தேதியும் கையெழுத்தும் வாங்கிட்டு வரச் சொல்லி டிரைவர்கிட்ட சொல்லி வைங்க, நாள் எண்ணறது அங்க இருந்துதான்.

எம்எஸ்எம்இ இல்லைன்னு எழுதித் தரச் சொன்ன அந்த லெட்டரை நாங்க கையெழுத்துப் போடலை. அப்பாதான் வேண்டாம்னாரு, 2018ல கேஸ் வேண்டாம்னு சொன்ன அதே அப்பா. ரெண்டு மாசம் அந்தப் பார்ட்டிகிட்ட இருந்து ஆர்டர் வரலை, நான் ராத்திரி தூங்காம கணக்குப் போட்டுட்டு இருந்தேன். மே மாசம் கடைசில ஒரு ட்ராயிங் வந்துச்சு, டாலரன்ஸ் ரொம்ப டைட்டு, பத்து மைக்ரான், அதை எடுத்துப் பண்ண பக்கத்துல வேற ஆள் இல்லையாம். பிஓல பேமென்ட் 45 டேஸ்னு போட்டிருந்துச்சு, கீழ எங்க உத்யம் நம்பரை அவங்களே டைப் பண்ணியிருந்தாங்க.